முப்பத்தொரு கிலோ வெல்லம்

"பிள்ளைக்கு என்ன வயசு?" கண்டக்டர் இரண்டாவது தடவையாகக் கேட்டான். முதல் தடவை கேட்டதும் சண்முகக்கனியின் காதில் விழத்தான் செய்தது, உள்ளே போகவில்லை. அவன் ஜன்னலோரம் நிறைந்து உட்கார்ந்திருந்த மாலினியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எட்டு இருக்கும்லா?" என்றான். "அஞ்சரை" என்றாள் கனி. "அஞ்சரையா! நல்லா வளத்திருக்கிய" என்று சிரித்துக்கொண்டே ஒன்றரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனான். காலையில் இந்த வார்த்தையை யாராவது சொல்லியிருந்தால் கனிக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்பட்டிருக்காது. 'கண்ணு வைக்காதியும்' என்று வாய் சொல்லும், மனசு குதிக்கும். இப்போது அதே வார்த்தை மீன்முள்ளாகக் குத்தியது. நல்லா வளத்திருக்கிய. ஆமாம், வளர்த்தது நான்தானே, வேறு யார். பஸ் டவுனைத் தாண்டிப் பேட்டைப் பக்கம் திரும்பியது. வெயில் மடியில் விழுந்தது. மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், அதன்மேல் அவள் இரண்டு கையும். கையை எடுத்தால் ஃபைல் திறந்துகொண்டு உள்ளே எழுதியிருப்பது பஸ்ஸுக்கே தெரிந்துவிடும் என்று அழுத்திப் பிடித்திருந்தாள். "இது குணமானது இல்லம்மா" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னாள். எவ்வளவு நிதானமாகச் சொன்னாள்! நீலப் பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "பொறந்தப்ப பால் குடிக்கலை, உடம்பு துவண்டு கெடந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அது முதல் கட்டம். இப்ப சாப்பிட்டுக்கிட்டே இருக்காளே, இது ரெண்டாம் கட்டம். ரெண்டும் ஒரே நோய்தான். பிராடர் வில்லின்னு பேரு." வெள்ளைக்காரப் பேர். அது கனியின் மனதில் ஒட்டவில்லை. ஒட்டியது இரண்டாம் கட்டம் என்ற சொல்தான். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் ரெண்டாம் கட்டம், ரெண்டாம் கட்டம் என்று அது உள்ளே குலுங்கியது. அப்படியானால் நான் கோயில் கோயிலாகப் போய் நன்றி சொன்னது எதற்கு?

சிவப்பில் கிடந்த பிள்ளை அல்லவா இது. கனி அங்கன்வாடி டீச்சர். பதினோரு வருஷமாக ஊர்ப்பிள்ளைகளைத் தராசுத் தொட்டிலில் தொங்கவிட்டு, எடையைப் பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பவள். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. எத்தனை தாய்மாரைத் திட்டியிருக்கிறாள்! 'பிள்ளைக்கு ஊட்டுறத விட ஒனக்கு சீரியல் முக்கியமா போச்சோ' என்று கூசாமல் கேட்பாள். கடைசியில் அவள் பெற்ற பிள்ளையே சிவப்பில் வந்து விழுந்தது. பிறந்தபோது அழக்கூட இல்லை, பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம். மார்பில் வைத்தால் வாய் பிடிக்காது. மூக்கில் குழாய் விட்டு இருபத்தாறு நாள். வீட்டுக்கு வந்த பிறகு பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம். தூக்கினால் ஈரத்துணியைத் தூக்கிய மாதிரி இரண்டு பக்கமும் வழியும். அட்டையில் மாதாமாதம் சிவப்புக்குள் புள்ளி வைத்த கை கனியின் சொந்தக் கை. "ஒம் பிள்ளையே செவப்புல கெடந்தா ஊர்க்காரி ஒம் பேச்சை எப்படிட்டி கேப்பா?" என்று மேற்பார்வையாளரம்மா எல்லார் முன்னாலும் கேட்டபோது பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முப்பிடாதி அம்மன் கோயிலில் போய் நின்றாள். தாயே, இவ வாயால ஒரே ஒரு தடவை பசிக்கிதும்மான்னு கேக்கணும். கேட்டுட்டா ஒனக்குத் துலாபாரம். இவ எடைக்கு எடை வெல்லம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நடக்கணும், பேசணும், படிக்கணும் என்று எதையும் கேட்கவில்லை. பசியைக் கேட்டாள். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் பசி போக வேண்டும் என்று கும்பிட, இவள் ஒருத்தி பசி வர வேண்டும் என்று கும்பிட்டாள். அவளுக்குக் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது, அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டரை வயதில் ஒருநாள் மத்தியானம், பக்கத்து வீட்டுப் பையனின் தட்டிலிருந்து மாலினி தானாகவே கை நீட்டி ஒரு இட்லியை எடுத்தாள். தானாக! கனி அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மூன்று வயதில் அந்தச் சொல்லும் வந்தது. பேச்சு இன்னும் திருந்தாத வாயில் "பதிக்கிதும்மா" என்று வந்தது. கேட்டதும் ஓடிப்போய்ப் புருஷன் பொன்துரையை எழுப்பினாள். காய்கறி லோடு இறக்கிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னொருக்கச் சொல்லுட்டி தங்கம்" என்று பிள்ளையிடம் கேட்டான். பிள்ளை சொன்னது. மறுபடி கேட்டான். மறுபடியும் சொன்னது. அதற்குப் பிறகு அது அந்தச் சொல்லை நிறுத்தவே இல்லை. அட்டையில் புள்ளி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்தது, பச்சையில் மேலே மேலே போய் ஒரு மாதம் தாளைவிட்டே வெளியே போய்விட்டது. அந்த மாதம் கனி அட்டையின் ஓரத்தில் வெள்ளை இடத்தில் புள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். பதினோரு வருஷ வேலையில் கீழே விழும் புள்ளியைப் பார்த்துப் பயப்படத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேலே போகிற புள்ளிக்கும் பயப்பட வேண்டும் என்று பயிற்சிக் கூட்டத்திலே ஒருத்தரும் சொன்னதில்லை. தாய்மார் கூட்டத்தில் மாலினியைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தி, "பாருங்க, சத்துமாவு குடுத்தா பிள்ளை எப்படி இருக்கும்னு" என்று காட்டினாள். "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தம் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாவ" என்று அந்த மேற்பார்வையாளரம்மாவே சொன்னாள். ஊர் மெச்சாத அங்கம் கிடையாது. எம்மா, என்ன நெறம், இந்தக் குடும்பத்துல யாருக்கு இருக்கு இப்படி ஒரு நெறம்? கையைப் பாரு, காலைப் பாரு, பொம்மைக்குச் செஞ்சாப்ல சின்னச் சின்னதா. கீழ விழுந்தாக்கூட அழாது, தைரியசாலி. எதைக் குடுத்தாலும் மிச்சம் வைக்காது, தங்கம். இன்றைக்கு டாக்டரம்மா ஒரு தாளைத் திருப்பி வைத்து நீலப் பேனாவால் வரிசையாகத் தட்டிக் காட்டினாள். வீட்டாரைவிட வெளுத்த நிறம், முடி. சிறிய கை, சிறிய பாதம். வலி தெரியாமை. அடங்காத பசி. ஊர் மெச்சியது ஒவ்வொன்றும் அந்தத் தாளில் இருந்தது. ஒன்று பாக்கி இல்லை. யாரோ ஊரெல்லாம் போய்ப் பாராட்டைப் பொறுக்கி வந்து நோய் என்று தலைப்புப் போட்டு அச்சடித்திருந்தார்கள். போன வருஷம் மாலினி திண்ணையிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து இரண்டு நாள் வீங்கிய கையோடு விளையாடியது கனிக்கு ஞாபகம் வந்தது. அதைத்தான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னாள்! சொன்ன வாயைக் கல்லில் வைத்துத் தேய்க்க வேண்டும் போலிருந்தது.

"அம்மா, அந்த அண்ணன் சோளம் விக்காவ" என்றாள் மாலினி. ஜன்னலுக்கு வெளியே அப்படி ஒருவன் நின்றிருந்தான். பஸ் நிற்கவில்லை. எந்த ஊரில் எந்தப் பக்கம் எதை விற்கிறார்கள் என்று இந்த ரோட்டில் மாலினிக்கு மனப்பாடம். நல்ல ஞாபகசக்தி என்று அதையும்தான் கொண்டாடினார்கள். அப்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, கனி வெளியே எடுத்துப் பார்த்தாள். பொன்துரை. அவன் பெயரோடு திரையில் வந்து நின்ற படத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குப்பென்று வேர்த்தது. முகமெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவு அப்பிய மாலினி. அங்கன்வாடி சாமான் அறைக்குள் ஒருநாள் மத்தியானம் பிள்ளையைக் காணோம் என்று தேடிப் போனால், சத்துமாவுப் பையைக் கிழித்துவைத்து, தண்ணீர்கூட இல்லாமல் காய்ந்த மாவை இரண்டு கையாலும் அள்ளி அடைத்துக்கொண்டிருந்தாள். கனி விழுந்து விழுந்து சிரித்துப் படம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். அத்தனை பேரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். "மூச்சு முட்டிச் செத்திருக்கும்மா" என்று டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "இவங்களுக்கு வாந்தியே சரியா வராது. வயிறு கிழியிற அளவுக்கு சாப்பிட்டாலும் வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது." போனை எடுத்தாள். "என்னட்டி, டாக்டர் என்ன சொன்னாவ?" என்றான் அவன். பின்னால் காய்கறி மண்டியின் லாரிச் சத்தம், கேரள வியாபாரிகளின் மலையாளச் சத்தம். "வந்து சொல்லுதேன் அத்தான்." "நல்லதுதான சொன்னாவ?" "வந்து சொல்லுதேன்." அவனுக்கு வேறு அவசரம் இருந்தது. "சரி, வெல்லம் சொல்லிட்டேன். முப்பத்தொண்ணுன்னு நீ சொன்ன. நான் நாப்பதா எடுத்துருதேன். இன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கும் நாளைக்குக் காலைக்கும் எம் பிள்ளை ஒரு கிலோ கூடிருவாள்லா, தராசுல ஏறி நிக்கும்போது பத்தாமப் போச்சுன்னா அசிங்கம்" என்று சிரித்தான். மண்டியிலிருந்து பெரிய தராசைக் கேட்டு வைத்தாயிற்று, கோயில் வேப்பமரத்தில் கட்டச் சங்கிலியும் ஆயிற்று, காலையில் ஏழு மணிக்குள் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். இரண்டரை வருஷமாக அவன்தான் தள்ளிப் போட்டவன். 'இன்னும் கொஞ்சம் தேறட்டும்ட்டி, அம்மனுக்குக் குடுக்கிறத மெலிஞ்ச பிள்ளைய வச்சா குடுப்போம்?' என்பான். அவளும் சரி என்றாள். கூடக் கூட அம்மனுக்குத்தானே என்று ஒவ்வொரு கவளமும் கூடுதலாக உருட்டினாள். தராசுக்கு என்று வளர்த்த கடா கணக்காகப் பிள்ளையை வளர்த்தோமே! அவன் போனை வைத்த பிறகும் அவள் காதிலிருந்து எடுக்கவில்லை.

சீதபற்பநல்லூரில் பஸ் நின்று கிளம்பியது. அத்தானும் அவளும் அத்தை மகன், மாமன் மகள். பிள்ளை துவண்டு கிடந்தபோது சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று பேசாத வாய் இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அஞ்சு வருஷமாக அந்தச் சுமையை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். இன்றைக்கு டாக்டரம்மா அதை ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். "சொந்தத்துல கட்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பாகிட்டருந்து வர்ற குரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருக்கு. தானா நடக்கிறது. யாரோட தப்பும் கிடையாது." யாரோட தப்பும் கிடையாது என்றால் மனசு லேசாக வேண்டுமே. ஆகவில்லை. திட்ட ஒரு ஆள் இருந்தால்கூட நன்றாக இருக்கும். ஆடி மாதம் அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுவில் இருந்த ஒரு சின்ன டாக்டர்ப் பெண்ணைக் கனி திட்டினாள். உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுத் தூங்கிய மாலினியைக் காட்டி 'இது யாரு குழந்தை?' என்று அது கேட்டது. என் பிள்ளைதான் என்று இவள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல, 'திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. பொறாமை பிடிச்ச மூதி, பிள்ளை தின்பது பொறுக்கவில்லை என்றாள் கனி ஆயாவிடம். அந்த மூதி எழுதித் தந்த சீட்டு இல்லையென்றால் நாளைக்கு நாற்பது கிலோ. அடுத்த வருஷம்? அதற்கும் அடுத்த வருஷம்? அவளுக்கு அதற்கு மேல் எண்ண முடியவில்லை. டாக்டரம்மா எண்ணிச் சொல்லியிருந்தாள். இதே போக்கில் போனால் பத்து வயதில் சர்க்கரை, பிறகு மூச்சு, பிறகு இதயம். "உங்க பிள்ளை நல்லா இருக்கலாம், ஸ்கூல் போகலாம், வளர்ந்து பெரிய பொண்ணா ஆகலாம். வளர்ச்சிக்கு ஊசி இருக்கு, தூக்கத்துல மூச்சு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு ஆரம்பிக்கலாம். ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. அடுப்படியைப் பூட்டணும். இன்னைக்கே."

அடுக்களையைப் பூட்டுவதா! அவர்கள் வீட்டு அடுக்களைக்குக் கதவே கிடையாது. வீடு கட்டும்போது கொத்தனார் நிலை வைக்கக் கேட்டார். கனிதான் வேண்டாம் என்றாள். பிள்ளை தவழ்ந்து வந்து அவளே எடுத்துத் தின்னட்டும், எப்போது ஆசை வருதோ அப்போது தின்னட்டும் என்று ஒரு மறைப்புத் துணிகூடத் தொங்கவிடவில்லை. கீழ்த்தட்டில் அவள் கைக்கு எட்டும்படி முறுக்கு டப்பா, பிஸ்கட் டப்பா, நிலக்கடலை. டப்பா மூடியைக்கூடத் தளர்த்தித்தான் வைப்பாள், மாலினி விரலில் பலம் இல்லை என்று. இப்போது நிலை வைத்துக் கதவு போட்டுப் பூட்டுப் போட வேண்டும். பிள்ளைக்குப் பயந்து அடுக்களையைப் பூட்டிய வீடு என்று ஊர் சொல்லும். சித்தி கொடுமையில்கூட அப்படி ஒன்று கேட்டதில்லையே. குப்பைத் தொட்டிக்கும் மூடி, பூட்டு. சாவி கழுத்தில். தட்டில் அளந்து வைத்தது மட்டும், சொன்ன மணிக்கு மட்டும்: எட்டு, பதினொன்று, ஒன்றரை, நாலரை, ஏழு. அழுதாலும் கூடாது, சமத்தாக இருந்ததற்குப் பரிசு என்றும் கூடாது. விருந்தாளி, வாத்தியார், கோயில் பூசாரி, எல்லாரிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஒரே ஒருத்தர் இளகினாலும் பிள்ளை நாள் பூரா அந்த ஒருத்தரையே நினைத்துக்கொண்டிருக்கும், அதற்கு அதுதான் சித்திரவதை என்றாள் டாக்டரம்மா. கனியின் பையில் ஒரு சாவி ஏற்கெனவே கிடந்தது. அங்கன்வாடி சாமான் அறைச் சாவி. எலிக்கும் திருடனுக்கும் பயந்து பூட்டுவாள். போன மாசம் அந்த அறைக்குள்தான், மற்ற பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வழித்து வழித்து நக்கிக்கொண்டிருந்த மாலினியைப் பார்த்துப் பளாரென்று ஒன்று வைத்தாள். 'இப்பத்தானட்டி மூணு முட்டை தின்ன? பிச்சைக்காரப் புத்தி எங்கருந்து வந்துச்சு ஒனக்கு?' 'பதிக்கிதும்மா.' 'பொய் சொல்லாத!' இன்னொன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை. தைரியசாலி.

ஆலங்குளத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் ஒரு கொய்யாக்கூடையோடு ஏறிய அம்மாள், கனிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்து, கூடையைக் காலுக்கு நடுவில் இருத்திக்கொண்டாள். விற்றது போக அடியில் பத்துப் பன்னிரண்டு கிடந்தது. வாசனை வந்ததும் மாலினியின் உடம்பு முழுக்கத் திரும்பியது. முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. எத்தனையோ பேரைக் கவிழ்த்த சிரிப்பு. "ஆச்சி, ஒங்க பேரு என்ன?" என்று கேட்டாள். "எம் பேரா? வள்ளித்தாய். ஏ ராசாத்தி, என்ன அழகாப் பேசுதா, இந்தா" என்று அந்த அம்மாள் இருப்பதில் பெரிய பழமாக எடுத்து முந்தானையில் துடைத்து நீட்டினாள். நீட்டத்தானே செய்வாள். பஸ்ஸில் பிள்ளை முகம் பார்த்துத் தின்னக் கொடுக்காத கை நம் பக்கத்தில் ஏது? கனி கையைக் குறுக்கே கொண்டுபோனது அவளுக்கே தெரியாமல் நடந்தது. "வேண்டாம்மா." "கொய்யாதான தாயி, ஒண்ணும் செய்யாது." "வேண்டாம்." அதற்குள் மாலினி இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துவிட்டாள். கனி பிடுங்கினாள். பிடுங்கியதும் பிள்ளை அலறிய அலறலில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். "குடும்மா! குடு! குடு!" காலால் முன் இருக்கையை உதைத்தாள். கையில் கொசு கடித்த புண்ணைப் பிய்த்துக்கொண்டாள், ரத்தம் வந்தது. முன்னாலிருந்து ஒரு பெரியவர் திரும்பி, "ஓசியா குடுக்கதக்கூட பிடுங்குதாளே, நீயெல்லாம் பெத்த தாயா?" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "பிள்ளை வயித்தெரிச்சல் சும்மா விடாதும்மா" என்றது. கனிக்குக் காது அடைத்துப் போயிற்று. கொடுத்துவிடலாம். ஒரு கொய்யா. இன்றைக்கு ஒரு நாள். நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், கதவு வரட்டும், அத்தான் வரட்டும். கொடுத்துவிட்டால் இந்த முப்பது பேரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள், பிள்ளை சிரிக்கும், எல்லாம் பழையபடி ஆகும். பழையபடி என்றால் எது? நாற்பது கிலோ வெல்லம்தான். அவள் வாயிலிருந்து யாருடையதோ போல ஒரு குரல் வந்தது, சத்தமாக வந்தது. "எம் பிள்ளைக்கு நோய். பசி நோய். எவ்வளவு தின்னாலும் அடங்காது. குடுக்கக் குடுக்கச் சாவு. யாரும் குடுக்காதிய." சொல்லி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. பெரியவர் முன்னால் திரும்பிக்கொண்டார். வள்ளித்தாய் கனி பக்கம் குனிந்தாள். "சாப்பிடவே பிடாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நேரம் இருக்கும்மா. நாலரைக்கு ஒரு பழம் குடுக்கலாம்." "அப்பம் நாலரைக்கு நீ குடு" என்று அவள் அந்தப் பழத்தைப் பிள்ளை கண்ணில் படாமல் கனியின் கைப்பைக்குள் போட்டுப் பையின் வாயையும் அவளே மூடினாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். பின்னால் உட்கார இடம் கிடையாது.

மாலினியின் அலறல் தேம்பலாக மாறியது. கனி புண்ணில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் போனை எடுத்தாள். பொன்துரை முதல் மணியிலேயே எடுத்தான். "அத்தான், வெல்லம் வேண்டாம்." "என்னட்டி?" "தராசும் வேண்டாம்னு சொல்லிருங்க. ஆசாரியக் கூட்டிட்டு வாங்க, அடுக்களைக்கு ஒரு நெலையும் கதவும் வேணும்." "கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? அம்மனுக்குச் சொன்னது." "அம்மனுக்குக் குடுப்போம். பிள்ளை கொஞ்சம் கொறையட்டும். கொறஞ்ச பிறகு குடுப்போம்." அந்தப் பக்கம் லாரிச் சத்தம் குறைந்தது, அவன் ஓரமாக ஒதுங்கி வந்திருந்தான். "ஏட்டி கனி, பிள்ளைக்கு என்னட்டி?" என்றான் அவன். அப்படி ஒரு குரலில் அவன் பேசி அவள் கேட்டதில்லை. "உசிரோட இருப்பா அத்தான். நாம கல்லு மாதிரி இருந்தா உசிரோட இருப்பா. நீங்க வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அம்மன் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். கேட்டதைத்தானே தந்தேன் என்பாள். ஆமாம் தாயே, கேட்டது நான்தான், எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பசிக்க வேண்டும் என்று கேட்டவள், வயிறு நிறைய வேண்டும் என்று கேட்காமல் போனேன்.

அந்த இடத்தில் அவள் நினைப்பு முட்டி நின்றது. வயிறு நிறைய. ஃபைலில் இல்லாத ஒன்றை டாக்டரம்மா கடைசியாக, எழுந்து நின்ற பிறகு சொன்னாள். அதை இவ்வளவு நேரமும் மனசு பக்கத்தில் வரவிடாமல் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, ஆலங்குளம் வரைக்கும் ஓடி வந்துவிட்டது. "அவ பொய் சொல்லலைம்மா. வயிறு நிறைஞ்சுதுன்னு மூளைக்குச் சேதியே போகாது. அவளுக்கு நெசமாவே பசிக்கும். சாப்பிட்டு முடிச்ச அந்த நிமிஷத்திலயும் பசிக்கும்." அப்படியென்றால் மூன்று வருஷமாக அவள் உருட்டி உருட்டி ஊட்டிய அத்தனை கவளமும் எங்கே போயிற்று? மூன்று முட்டை தின்றுவிட்டு எச்சில் தட்டை நக்கிய அன்றைக்கும் பிள்ளை பசியோடுதான் இருந்தது. பலகைமேல் ஏற்றி ஊருக்குக் காட்டியபோதும் பசிதான். முகமெல்லாம் மாவோடு படத்தில் சிரிப்பதும் பட்டினிதான். ஒரு வேளை, ஒரே ஒரு வேளைகூட, அவள் பெற்ற பிள்ளை வயிறு நிறைந்து எழுந்ததே இல்லை. ஊர்ப்பிள்ளைகளின் பசிக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் டீச்சரின் வீட்டில், கதவில்லாத அடுக்களைக்குப் பக்கத்தில். தானும் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயிறு இழுத்துப் பிடித்தது. வீட்டுக்குப் போய் இரண்டு வாய் தின்றால் இது போய்விடும். போய்விடும் என்று தெரிவதால்தான் மனிதர் பசியைத் தாங்குகிறார்கள்.

"அம்மா" என்றாள் மாலினி. அழுது வீங்கிய அந்த வாதாங்கொட்டைக் கண் அவளை நிமிர்ந்து பார்த்தது. பயந்து பயந்து, அடி விழுமோ என்று ஒரு கையைக் கன்னத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு சொன்னாள். "பதிக்கிதும்மா." இப்பத்தான தின்ன என்று சொல்லவில்லை கனி. பொய் சொல்லாத என்று சொல்லவில்லை. கன்னத்தை மறைத்த அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "தெரியும்ட்டி. அம்மைக்கு இப்பந்தான் தெரிஞ்சுது. ஒனக்குப் பசிக்கும்." மாலினி அவளை நம்ப முடியாமல் பார்த்தாள். "நாலரைக்குத் தாரேன்." "நாலரை எப்பம்மா வரும்?" "பாவூர்சத்திரம் வரும்லா, நாம எறங்குவோம்லா, அங்க வரும்." பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியில் நெற்றியை ஒட்டிவைத்து, ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். பஸ் அத்தியூத்தில் நின்றது. "இதாம்மா நாலரை?" என்று கேட்டாள். "இது இல்ல." அடுத்து ஒரு கல்மண்டபத்துப் பக்கம் நின்றது. "இதா?" "இன்னும் வரலட்டி." "ஏம்மா, நாலரை வந்து நான் தின்னுட்டா, பிறகு பதிக்காதுல்லா?" வேறு எந்த நாளாக இருந்தாலும் கனி ஒரு பொய் சொல்லியிருப்பாள். வாய் வரைக்கும் வந்த பொய்யை விழுங்கினாள். "பிறகும் பசிக்கும்" என்றாள். மாலினி அதற்கு அழவில்லை. சரி என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அதுதான் அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமே.